நிறை பார்த்து வாங்கு, தம்பி

திருக்கடலூர், திருகோணமலை
வியாழன் இரவு

அன்புள்ள தம்பிக்கு,

கணினி பூட்ட நீ அனுப்பிய சாமான் பட்டியல் கிடைத்து நான்கு நாளாகிறது. பதில் பிந்தியதற்குக் காரணம் கோபமில்லை. ஒவ்வொரு பெயராகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். முப்பது வருடம் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்தியவனுக்கு உன் சாமான்களின் பெயர்கள் புதிது. அவற்றுக்குள் ஓடுவது நான் அறிந்த அதே மின்சாரம்தான். விளையாடுவதற்கென்று கணினி எதற்கு என்று அம்மா கேட்டாள். வாரம் முழுக்கப் படிக்கிற பிள்ளை லீவில் வந்து நிம்மதியாக விளையாடட்டும் என்று சொன்னேன். அவளும் சம்மதித்துச் சீட்டுக்காசை எடுத்து வைத்திருக்கிறாள். அந்தக் காசு எத்தனை மாதம் எப்படிச் சேர்ந்தது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பட்டியலில் எல்லாச் சாமானுக்கும் பெயரும் எண்ணும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளைக்கு நேரே மட்டும் 'கேசிங்கோடு வரும்', அதாவது வெளிப்பெட்டியோடு சேர்ந்து வரும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஓர் ஆசிரியர் தன் கணினியைக் கடைக்குக் கொண்டுவந்தார். பவர் சப்ளை எரிந்திருந்தது. நல்லதொன்றின் விலையைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. அலுமாரியில் மலிவான ஒன்று கிடந்தது. லேபிளில் 500 வாட். கையில் எடுத்தபோதே நிறை காணாது என்று எனக்குத் தெரிந்தது. வேண்டாம் ஐயா என்று நான் சொல்லவில்லை. அதையே பூட்டிக் கொடுத்தேன். ஐந்தாம் மாதம், மாரி மழையில் கரண்ட் போய்த் திரும்பி வந்த நொடியில் அது வெடித்தது. தனியாகப் போகவில்லை, எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. டிஸ்க்கில் அவருடைய தாயாரின் கடைசிப் படங்கள் இருந்தன. பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிக்கும் சுருள்கள் இருக்க வேண்டும்; அந்தத் துளைகளில் வெறும் கம்பித்துண்டை வைத்து ஈயம் பற்றவைத்திருந்தார்கள். அவர் என்னை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. இன்றும் வீதியில் கண்டால் சிரித்துவிட்டுத்தான் போகிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

ஆகவே கேசிங்கோடு இலவசமாக வருவது நம் வீட்டுக்கு வேண்டாம். 550 வாட், தனியாக, பெயர் பெற்ற நிறுவனத்துடையது, ஐந்து வருட உத்தரவாதத்தோடு வாங்கு. கூடிய வாட் தேவையில்லை. நான் கீழே சொல்லும் கிராபிக்ஸ் கார்டு 132 வாட் இழுக்கும், கணக்கிடும் பிராசசர் 65 வாட் வகை. எல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டைத் தொடாது. '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை இருந்தால் நல்லது. அரைச்சுமையில் சுவரிலிருந்து இழுப்பதில் குறைந்தது 85 விழுக்காடு வெப்பமாக வீணாகாமல் உள்ளே சேரும் என்பது அதன் பொருள். அது சிக்கனத்துக்கான சான்று, காவலுக்கான சான்று அல்ல. மின்னழுத்தம் கூடினால், மின்னோட்டம் கூடினால், குறுக்குச்சுற்று ஏற்பட்டால் தானாக அணையும் காப்புகள் உண்டா என்று தனியாகக் கேள்.

அடுத்தது நீ காசைப் பங்கிட்ட விதம். ரைசன் 7 5700எக்ஸ் பிராசசரையும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். எட்டு கோர், அதாவது பிராசசருக்குள் எட்டு மூளை என்ற எண் உன்னை இழுத்துவிட்டது. விளையாட்டில் படத்தை வரைவது கார்டு, தம்பி. நம் வீட்டுத் திரை 1920க்கு 1080, நொடிக்கு 60 தடவைதான் படம் மாற்றும். அதற்கு ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600 தாராளமாகப் போதும். அதன் பெட்டிக்குள்ளேயே கூலர் வருகிறது. 5700எக்ஸுக்கு அதையும் தனியாக வாங்க வேண்டும். இந்த இரண்டில் மிஞ்சும் காசைக் கார்டில் போடு.

6500 எக்ஸ்டியை நான் ஏன் வெட்டினேன் என்று கேட்பாய். அதில் 4 ஜிபி நினைவகம். நிரம்பியதும் கணினியின் பொது நினைவகமான ராமிடம் கடன் வாங்கப் போக வேண்டும். போகிற ஒழுங்கையோ மிகவும் ஒடுங்கியது: மற்றக் கார்டுகளுக்கு எட்டோ பதினாறோ பாதை இருக்க, இதற்கு நான்கே நான்கு. அந்தப் பாதைக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ்; அதன் நான்காம் தலைமுறை இருந்தால் ஓரளவு சமாளிக்கும். நீ எழுதியிருக்கும் ஏ520 மதர்போர்டு மூன்றாம் தலைமுறையோடு நிற்பது. அதில் இந்த நான்கு பாதைகளின் வேகமும் பாதியாகிவிடும். ஒன்றன் குறையை மற்றது பெருக்கும் சோடி இது. 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 எடு, பி550 போர்டு எடு. மொத்தக் காசில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கார்டுக்குப் போனாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

இந்த ரைசன் பொருந்தும் ஏஎம்4 தளம் பழையது, ஏஎம்5 எடு என்று நண்பன் சொன்னதாக எழுதியிருந்தாய். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 2022இல் வந்த அந்தத் தளம் டிடிஆர்5 என்ற புதிய வகை ராமை மட்டுமே ஏற்கும். பிராசசர், போர்டு, ராம் மூன்றையும் கூட்டிப் பார். வித்தியாசம் கார்டைச் சின்னதாக்கும் என்றால் வேண்டாம்.

ராம் 16 ஜிபி சரி. ஒன்றாக வாங்காமல் இரண்டு 8 ஜிபி வாங்கு, இரு வாசலாலும் தரவு போய்வரும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் 1 டிபி எஸ்எஸ்டி.

கேசிங்கை நீ அழகுக்காகத் தெரிவு செய்திருக்கிறாய். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. காற்று எந்த வழியால் நுழையும்? கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பின்னறை எப்படி வேகும் என்பது உனக்கு மறந்திருக்காது. முன்பக்கம் வலையாக இருக்கட்டும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடியோடு. முன்னால் இரண்டு விசிறி உள்ளிழுக்க, பின்னால் ஒன்று வெளித்தள்ள. நிற விளக்கு ஒன்றும் வேண்டாம்.

கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று நம் கடற்கரையில் உண்டு. இந்த ஒழுங்கையில் இருந்து வந்த எத்தனையோ தொலைக்காட்சிகளைத் திறந்திருக்கிறேன். செம்பு உள்ள இடமெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புக்காற்று எந்த உத்தரவாதத்தையும் மதிப்பதில்லை. அதனால் மேசையைக் கடல் பக்க யன்னலில் இருந்து நகர்த்தி உட்சுவரோடு போட்டுவிட்டேன். நீ கம்பஸுக்குத் திரும்பிய பிறகும் வாரம் ஒரு தடவையாவது தங்கச்சி ஒரு மணிநேரம் ஓட விடுவாள். உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது. பின்னறைப் பிளக்குக்கு எர்த் சரியில்லை என்பதும் சோதித்தபோது தெரிந்தது. மேல்மணல் காய்ந்து கிடந்தால் எர்த் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஈரமணல் தட்டுப்படும்வரை ஆழமாகப் புதுக் கம்பி இறக்கப் போகிறேன். ஐப்பசி கார்த்திகை இடி முழங்கும்போது பிளக்கைக் கழற்றுவது தங்கச்சியின் பொறுப்பு, எழுதி ஒட்டிவிட்டேன்.

பாவித்த கார்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அவசரப்படாதே. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மின்னணு நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் 'சுரங்க' முறையைக் கைவிட்ட பிறகு இரவும் பகலும் ஓடித் தேய்ந்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. எடுக்கத்தான் வேண்டுமென்றால் உன் கண் முன்னால் அரை மணிநேரம் விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல், விசிறியில் காதை வைத்துக் கேள். தயங்கினால் எழுந்து வந்துவிடு.

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் முதல் கடையிலேயே காசைக் கொடுக்காதே. மூன்று கடையில் விலையை எழுதி வாங்கு. ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள தொடர் எண் பில்லில் இருக்க வேண்டும். பூட்டித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம், நாம் இருவரும் பூட்டுவோம். ஏஎம்4 பிராசசரின் ஊசிகள் அதன் அடியிலேயே இருப்பவை, ஒன்று வளைந்தாலும் ஆபத்து. அதைப் பெட்டியோடு உன் பையில் வைத்துக்கொள். இரவு ரயிலில் கார்டை மேல் தட்டில் வைக்காதே, மடியில் வைத்துக்கொண்டு வா. சீனக்குடாவைத் தாண்டியதும் அழை, ஸ்டேசனுக்கு வந்து நிற்பேன்.

பவர் சப்ளையைக் காசு கொடுக்கும் முன் கையில் தூக்கிப் பார். பிறகு அதன் பக்கவாட்டு லேபிளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 42க்குக் கிட்ட இருந்தால் வாங்கு. 20, 25 என்று போட்டிருந்தால் வெளியே எத்தனை வாட் அச்சடித்திருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. என் பதில் வரும்வரை கடையிலேயே நில். போனைக் கையில்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா