குளவியை விட்டுவிட்டு ஓட்டையைப் படம் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் வேளாண் பக்கத்தில், தென்னை ஓலையின் அடியில் இருந்த ஒரு பூச்சியின் படத்தைப் போட்டு 'வெள்ளை ஈயோடு வந்த புது எதிரி' என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் இரண்டு பேர் மருந்துக் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அது என்கார்சியா குளவி போலத் தெரிகிறது. தென்னைச் சாற்றை உறிஞ்சும் வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, அதைத் தின்றே வளரும் ஒட்டுண்ணி; நமக்கு எதிரியல்ல, நண்பன். 'போல' என்றுதான் சொல்ல முடியும். 1 மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர் அது. சரியான பெயர் வேண்டுமானால் பிடித்து ஸ்பிரிட்டில் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, உணர்கொம்பிலும் பாதத்திலும் எத்தனை கணு என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ண வேண்டும். நானும் போனில் கிளிப் லென்ஸ் மாட்டி மூன்று நாள் தோப்பில் குனிந்து கிடந்தேன். மூச்சுக் காற்று பட்டாலே பறந்துவிடுகிறது. தேறிய ஒரே படத்தைப் போன் செயலியில் காட்டினால் 'எறும்பு' என்றது! மருமகள் இன்னும் சிரிக்கிறாள்.

பிறகுதான் உறைத்தது, குளவியைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை என்று. ஓலையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் வெள்ளை ஈக் குஞ்சுகளின் கூடுகளைப் பாருங்கள். வெள்ளை ஈ வெளியேறிய கூடு, ஆங்கில 'T' எழுத்துப்போலப் பிளந்திருக்கும். குளவி வளர்ந்த கூடு கறுத்துப்போய், ஊசியால் குத்தியதுபோல வட்டத் துளையோடு இருக்கும். கூடு எங்கும் பறந்துவிடாது. சாதாரணப் போனும் லென்ஸும் போதும்.

2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தபின், குளவி மற்ற மரங்களுக்கும் பரவட்டும் என்றுதான் கறுத்த கூடுள்ள ஓலைத் துண்டுகளை அவற்றில் கட்டச் சொன்னார்கள். மருந்தடித்தால் அந்தக் குளவிகளும் சேர்ந்தே சாகும். வெள்ளை ஈயின் இனிப்பான கழிவில் வளரும் கரும்பூசணம் ஓலையில் படிந்திருந்தால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் கரைத்துத் தெளித்தால் போதும், காய்ந்து உரிந்துவிடும்.

திருத்தம் ஒன்று போட்டுவிடுங்கள். இனி இப்படிப் படம் வந்தால் 'எந்தச் செடி, இலையின் எந்தப் பக்கம்' என்று அனுப்பியவரிடம் கேட்டுவிட்டு வெளியிடுங்கள். நான் எடுத்த கூடுகளின் படத்தை இணைத்திருக்கிறேன். போடுவதானால் தயவுசெய்து கலரில் போடுங்கள். கறுப்பு வெள்ளையில் எல்லாக் கூடும் ஒன்றுபோலவே தெரியும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தென்னை விவசாயி
ஆனைமலை