ஆறு மாதம் அப்பா, ஆறு மாதம் அம்மா

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிந்த பெற்றோர் இருவருக்கும் பிள்ளையின் கஸ்டடி, அதாவது கூட்டுக் காவல், என்ற பேச்சு வந்தாலே, பெங்களூரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் ஜனவரி முதல் ஜூன் வரை அப்பாவிடம், ஜூலை முதல் டிசம்பர் வரை அம்மாவிடம். வருஷத்தைப் பாதியாக வெட்டியது எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. படிப்புச் செலவைச் சமமாக ஏற்க வேண்டும், எந்த வீட்டில் இருந்தாலும் மற்றவரிடம் பையன் போனில் பேசலாம் என்று அதே தீர்ப்பில் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

எங்கள் மாடியில் குடியிருக்கும் நாலாம் வகுப்புப் பையனுக்கு வார நாட்களில் அம்மாவோடு அல்சூர், சனி ஞாயிறு அப்பாவோடு வைட்ஃபீல்டு. ஞாயிறு இரவு டிராஃபிக்கில் ஊர்ந்து வந்து, தூக்கத்திலேயே படியேறுவான். திங்கள் காலையில் கன்னட நோட்டைத் தேடினால் அது வைட்ஃபீல்டில் கிடக்கும். அப்பா, அம்மா இருவரும் பேசிக்கொள்வதில்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பாட்டி வாட்ஸ்அப்பில் கேட்க, அந்தப் பக்கத்துத் தாத்தா வீட்டுப்பாடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவார், பாதி மங்கலாக!

சட்டத்தில் பெரிய விஷயங்களுக்குக் குறைவில்லை. பிள்ளையின் நலனே முதன்மை. ஐந்து வயது ஆகாத பிள்ளை பொதுவாக அம்மாவிடம். இது 1956ஆம் ஆண்டு இந்துச் சட்டம். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். சரி, பள்ளிக்கூடம் எந்த வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது? இதையெல்லாம் முன்கூட்டியே எழுதிவைக்கும் திட்டம் 2015ஆம் ஆண்டு சட்ட ஆணையத்தின் 257ஆவது அறிக்கையில் இருக்கிறது. கூட்டுக் காவலைச் சட்டத்தில் சேர்க்கச் சொன்ன அறிக்கை அது.

அடி, உதை நடந்த வீடுகளுக்குக் கூட்டுக் காவலே சரிவராது. அதைப் பற்றி நான் பேசவில்லை. சண்டை இருந்தாலும் பிள்ளைமேல் இருவருக்கும் பாசம் இருக்கிற குடும்பங்கள்தான் அதிகம். அவர்களுக்கு நாட்களைப் பங்குபோடும் முன், ஃபேமிலி கோர்ட் ஆலோசகர் இருவரையும் உட்காரவைத்து இந்தத் திட்டத்தை எழுதி வாங்க வேண்டும். அது இல்லாமல் சனி, ஞாயிறு உத்தரவு எதற்கும் கையெழுத்து விழக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு