எட்டாவது குழி

கடலூர்,
ஐப்பசி 24

அன்புள்ள ராஜு,

எட்டு மாதமாக உனக்கு எழுதவில்லை. சோம்பலைத் தவிர வேறு காரணம் கிடையாது. "என்னடா, உயிரோடதான் இருக்கியா?" என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் நாளைக்கு எழுதலாம் என்று படுத்துவிட்டேன். திட்டுவதை எல்லாம் சேர்த்துவைத்து நேரில் திட்டு.

வீட்டில் எல்லாரும் நலம். அவளுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. பெரியவள் மாற்றலாகி விருத்தாசலம் போய்விட்டாள். பாய் கடையை மூடியாச்சு. அந்தக் கதைக்குத் தனிக் கடிதம் வேண்டும்.

இப்போது நான் பேனாவை எடுத்ததற்குக் காரணமே நீதான். உன் மகள் வீட்டுப் பக்கத்தில் ஓடும் 401 நெடுஞ்சாலையைப் பற்றிக் கடைசியாக எழுதியிருந்தாய் அல்லவா? ஆப்கானிஸ்தானில் இறந்த கனடாச் சிப்பாய்களின் பெட்டிகள் டிரென்டன் விமானதளத்தில் இறங்கி டொராண்டோவுக்கு வரும் வழி அது. சுமார் 170 கிலோமீட்டர். 2002இலிருந்து, யாரும் கூப்பிடாமலே ஜனங்கள் பாலங்களின்மேல் வந்து கொடியோடு நின்றார்கள். 2007இல் அந்தச் சாலைக்கு வீரர்கள் நெடுஞ்சாலை என்றே பேர் வைத்தார்கள். அப்புறம், 1867இலிருந்து கனடாவுக்காக உயிர்விட்ட 1,17,000 பேருக்கும் ஆளுக்கொரு மரம் என்று நட ஆரம்பித்தார்கள். இவ்வளவையும் எழுதிவிட்டு, மேப்பிள் கன்றுக்குப் பக்கத்தில் குரங்குக் குல்லாயோடு நின்று ஒரு போட்டோ வேறு.

அந்தக் கடிதத்தை டீக்கடையில் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன். சுபேதார் அண்ணன் அதுவரை பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. நான் முடித்ததும் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ரோட்டுக்கு எத்தனை மரம்டா வேணும்?" என்றார். அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் கமிட்டி, தலைவர், பொருளாளர், ரசீதுப் புத்தகம் எல்லாம் வந்துவிட்டது. மரம்தான் வரவில்லை. நான் செயலாளர். சிரிக்காதே.

சுற்றுவட்டார ஊர்களில் விசாரித்து ஒரு பட்டியல் போட்டார்கள். சீனச் சண்டையில் ஒருவர், 1971இல் இரண்டு பேர், கார்கிலில் ஒருவர், காஷ்மீரில் வேறு வேறு வருஷங்களில் மூன்று பேர். மொத்தம் ஏழு. ஏழு மரம்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்தேன்.

முதலில் இடம். பழைய புதுச்சேரி ரோடு உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு பக்கமும் புளிய மரம், அடியில் பட்டை அடித்து நம்பர் போட்டு வருஷா வருஷம் புளியை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரின் கையில் நாம் மாட்டியதும் ஞாபகம் இருக்கும். ரோட்டை அகலப்படுத்தி அகலப்படுத்தி அதில் முக்கால்வாசி போய்விட்டது. புதிதாகப் போட்ட சாலைகளில் நடுத்திட்டில் அரளிதான். மாடு தின்னாது, தண்ணீரும் அதிகம் கேட்காது. நிழல் வேண்டுமானால் நின்றுபோன லாரியைத் தேட வேண்டும்.

சாலையோரத்தில் நட அனுமதி கேட்டு மனு கொடுத்தோம். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை, ஓய்வூதியக்காரனுக்கு வம்பு எதற்கு? மூன்று மாதம் நடந்த பிறகு ஒரு பக்கக் கடிதம் வந்தது. நடலாமாம், ஆனால் பின்னாளில் சாலை விரிவாக்கம் வந்தால் அகற்றப்படுமாம். சுபேதார் அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இவங்களை இன்னொரு தடவை சாகடிக்கப் பாக்கறாங்க" என்று மடித்து என் பையில் வைத்தார்.

கடைசியில் வழி காட்டியவர் ஒரு சவுக்குத்தோப்புக்காரர். ரெட்டிச்சாவடிக்கு இந்தப் பக்கம் ரோட்டை ஒட்டினாற்போல் அவர் தோப்பு. எல்லைக்கல்லுக்கு உள்ளே தன் நிலத்திலேயே பத்தடி அகலத்துக்கு ஒரு துண்டு விட்டுக்கொடுத்தார். "நான் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டி விக்கறவன். வெட்டாத மரம் நாலு நிக்கட்டும்" என்றார். பதிலுக்குக் கேட்டது ஒரே ஒரு சலுகை: போர்டில் தன் பேர் வரக்கூடாது. இந்தக் காலத்தில் இப்படி ஓர் ஆள்!

அடுத்தது தேதிச் சண்டை. ஜூலை 26, கார்கில் வெற்றி நாளில் நட வேண்டும் என்று தலைவர் ஒற்றைக்காலில் நின்றார். நம் கரைக்கு மழை எப்போது என்று கேட்டேன். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று என்மீதே பழமொழியை எறிந்தார். விதைப்பது வேறு, கன்று நட்டு வெயிலில் காயவிடுவது வேறு. முப்பது வருஷம் வேளாண்மைத் துறையில் குப்பை கொட்டியதற்கு அன்றைக்குத்தான் பிரயோஜனம் வந்தது. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் மழை. ஐப்பசியில் நட்டால் கார்த்திகை முடிவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ஜூலையில் நட்டால் போட்டோ மட்டும்தான் பிழைக்கும். ஒவ்வொரு வருஷமும் அதே குழியில் வேறு வேறு பெரிய மனிதர்கள் கன்று நடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மரத்துக்கும் சண்டை. பொருளாளருக்கு மயில்கொன்றை வேண்டுமாம். சிவப்புப் பூ, ரத்தம், தியாகம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு நாம் ரோட்டில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. முறிந்து கிடந்ததில் பாதி இந்த மாதிரி அலங்கார மரங்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் விழுந்ததற்கு வீட்டில் சாவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அதனால் புங்கன், பூவரசு, மருதம், புன்னை என்று பட்டியல் கொடுத்தேன். உங்கள் ஊரில் பனியைக் கரைக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். எங்களுக்குக் கடலே காற்றில் உப்பை அனுப்புகிறது. புன்னை அதைத் தாங்கும். தூங்குமூஞ்சி மரம் ஏன் வைக்கவில்லை, செயலாளரே ஒரு தூங்குமூஞ்சிதானே என்று கேட்பாய். அந்த ஜோக் 1979இலேயே பழசு.

சரி. இனிமேல்தான் விஷயம்.

பட்டியலை நான் டைப் அடிக்கக் கொடுக்கும்போதுதான் பார்த்தேன். நம்ம நெட்டை அதில் இல்லை.

மறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பேனாவால் எட்டாவதாக அவன் நிஜப் பேரை எழுதினேன். கூட்டத்தில் யாருக்கும் ஆளைத் தெரியவில்லை. "எந்தப் போர்?" என்றார் தலைவர். 1987, யாழ்ப்பாணம், இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பையன், பாலிடெக்னிக் முடித்தவன், குழி தோண்டுவதில் முதல் ஆள், மெதுவாகச் சொன்னான்: "சார், அது நம்ம ஜனங்க மேலயே போன சண்டை."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீ தப்பு என்று அவனிடம் சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பி வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்றைக்கு நாமும் அதுதான் சரி என்று பேசினோம், நீயும் நானும், சில்வர் பீச்சில் உட்கார்ந்து. பேசிவிட்டு நெட்டையின் வீட்டு வழியாக வரக் கூச்சப்பட்டுச் சுற்றிக்கொண்டு வந்தோம். அங்கே போன படையில் கிட்டத்தட்ட 1,200 பேர் திரும்பவில்லை. அந்தப் பக்கம் செத்த ஜனங்களை நினைத்தால் இதை ஒரு கணக்காகச் சொல்லவும் நாக்கு கூசுகிறது.

உன் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, இந்தோசீனா போய்த் திரும்பி, பிரான்சுக்காரன் பென்ஷனில் கடைசிவரை மீசை முறுக்கியவர். பிரெஞ்சுக்காரனுக்காக முதல் உலகப் போரில் செத்த நம் ஆட்களுக்குப் பாண்டிக் கடற்கரையில் 1938இல் கட்டிய சின்னம் இருக்கிறது. ஜூலை 14 வந்தால் விளக்குப் போடுகிறார்கள். யாருடைய சண்டை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நூறு வருஷம் போனால் கேட்க மாட்டார்கள் போலிருக்கிறது. நெட்டை அரைகுறையாக நடுவில் மாட்டிக்கொண்டான்.

அவன் ஆவணியில் யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து போட்ட கடிதம் உன்னிடம் இருக்கிறதா? என்னிடம் இருந்தது சுனாமிக்கு அப்புறம் கிடைக்கவில்லை. போய் இறங்கியதும் ஜனங்கள் மாலை போட்டார்கள், கல்யாணத்துக்கு முன்னாலேயே மாலை விழுந்துவிட்டது, அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தான். இங்கே எல்லாம் தமிழில்தான் பேசுகிறார்கள், ரெஜிமென்டில் மற்றவனுக்கெல்லாம் நான்தான் மொழிபெயர்ப்பு என்று பெருமை வேறு. எடை பத்தாது என்று பதினாலு வாழைப்பழம் தின்றுவிட்டு ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் வரிசையில் நின்றவன். இரண்டு மாதத்தில், ஐப்பசியில், தந்தி வந்தது.

உடம்பு வரவில்லை. கார்கிலில் இருந்துதான் பெட்டியை ஊருக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. அதற்கு முன்னால் பெரும்பாலும் அங்கேயே எரித்துவிடுவார்கள். நெட்டை வீட்டுக்கு வந்தது ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி. அதற்குள் அம்மா இங்கிருந்து அனுப்பிய பல்பொடி, பாதி தீர்ந்து.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனேன். எண்பத்து நாலு வயசு. கண் மங்கல், காது கூர்மை. என் இருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிட்டார். அவன் பேரில் ஒரு மரம் வைக்கப்போகிறோம் என்றேன். நான் வேறு எதையோ எதிர்பார்த்துக் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்டது, "யாருடா தண்ணி ஊத்துவா?"

நான் ஊற்றுகிறேன் என்றேன்.

"நீயா?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நம் மூன்று பேருடைய சின்ன வயசும் இருந்தது. அப்புறம் சொன்னார்: "தின்னற பழமா காய்க்கிற மரமா வை. ரோட்டில போறவன் நாலு தின்னுட்டுப் போவட்டும்." நாவல் வைக்கிறேன் என்றதும் சிரித்துவிட்டார். பள்ளிக்கூடத்து நாவலை எட்டிப் பறித்து நமக்கும் கொடுத்து, நாக்கு ஊதாவாகி, மூன்று பேரும் வெயிலில் நின்றதை அவரும் மறக்கவில்லை.

கமிட்டியில் போய் எட்டாவது குழிக்குக் காசு என் கையிலிருந்து என்றேன். சுபேதார் அண்ணன், "காசு யார் கேட்டா? நானும் அங்க இருந்தவன்தான்" என்றார். ராஜு, இருபது வருஷமாக அவரோடு டீ குடிக்கிறேன். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்றைக்கும் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நட்டாயிற்று. மூன்றடிக்கு மூன்றடி குழி, தொழு உரம், செம்மண், வேப்பம்புண்ணாக்கு. எட்டாவது குழியைத் தோண்டியது அந்தப் பாலிடெக்னிக் பையன். நான் சொல்லவில்லை, அவனாகவே கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். அம்மா ஆட்டோவில் வந்தார். கன்றை வைத்து நான் மண்ணைத் தள்ளத் தள்ள, கையால் தடவிப் பார்த்துவிட்டு, "கழுத்து வரைக்கும் மூடாதடா" என்று அதட்டினார். என் முப்பது வருஷ சர்வீஸ் அங்கே அவுட். மூடியது தப்புதான், வேர்க்கழுத்து தெரிய வேண்டும். தோண்டி எடுத்து மறுபடி வைத்தேன்.

மிச்சம் இருப்பது போர்டு. மற்ற ஏழிலும் பேர், ஊர், எந்தப் போர், "வீரமரணம்" என்று எழுதியாகிவிட்டது. எட்டாவது தகடு காலியாக என் மேசையில் கிடக்கிறது. அம்மாவைக் கேட்டால் "உனக்குத் தெரியாததா" என்கிறார். அமைதிப்படை என்று எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. அங்கே இருந்த அமைதி நமக்குத் தெரியும். எந்த இடம் என்பதை மறைத்தால் அவனைப் பாதி மறைத்த மாதிரி.

உன் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். 87 தீபாவளி வாரத்தில் அண்ணனைப் பறிகொடுத்தவர் என்று எழுதியிருந்தாய். அவரிடம் இதைக் கேட்கச் சொல்லவில்லை. கேட்காதே, எனக்கு அந்த உரிமை கிடையாது. ஆனால் அவர் என்றைக்காவது சிதம்பரம் போகிற வழியில் இந்த ரோட்டில் இறங்கி, நாவல் பழம் பொறுக்கி, நிமிர்ந்து அந்தத் தகட்டைப் படித்தால், பழத்தைக் கீழே போட்டுவிடக் கூடாது. அப்படி நாலு வார்த்தை வேண்டும். பள்ளியில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவன் நீ. யோசி.

பெயின்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அதற்குள் போன் பண்ணு. நாளைக்கு நவம்பர் 11, உங்கள் ஊர்ப் போர் நினைவு நாள், சட்டையில் சிவப்புப் பூ குத்திக்கொண்டு பாலத்துப் பக்கம் போவாய். குல்லாயை மறக்காதே.

இங்கே இரண்டு நாளாக மழை இல்லை. எனக்கு செவ்வாயும் வெள்ளியும் முறை. நாளைக்கு செவ்வாய், சைக்கிள் கேரியரில் இரண்டு குடம் கட்டிப் பார்த்தேன், ஒன்று ஓட்டை.

உன்,
தூங்குமூஞ்சி