மாடியில் செடி வைத்திருக்கும் மீனாளுக்கு

கண்டனூர்,
ஆவணி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மீனாள்,

நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனக்குக் கண் புரை ஆபரேஷன் முடிந்து, இனி படிக்கலாம், எழுதலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில். திட்டுவதாக இருந்தால் போனில் திட்டிக்கொள். சிகப்பி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தாயிற்று, மாப்பிள்ளை கொத்தமங்கலம். எல்லாருக்கும் முன்னால் தனக்குத்தான் தெரியும் என்று அலமு வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "செம்பருத்தியில் மாவுப்பூச்சி, மல்லிகை மஞ்சளடிக்குது, எல்லாத் தொட்டியையும் வாட்ச்மேனுக்குக் கொடுத்துடப் போறேன்" என்று போனில் அனுப்பியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் பேனாவை எடுத்தேன். செடி வளர்க்கத் தெரியாத ஒருத்தி சொன்னால் போகட்டும் என்று விடலாம். பள்ளிக்கூட வேலியிலிருந்து பிடுங்கின சங்குப்பூவை இங்க் பாட்டிலில் வளர்த்தவள் நீ. (அந்தப் பாட்டிலைப் பெரிய டீச்சர் என்ன செய்தார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.) கூடவே, "பாட்காஸ்ட் பாட்காஸ்ட்னு சொல்றியே, எதைத்தான் கேக்குறது?" என்றும் கேட்டிருந்தாய். அதைத்தான் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படி.

ஆபரேஷன் ஆனதும் குனியாதே, அடுப்படிப் பக்கம் போகாதே, டிவி பார்க்காதே என்று ஆளாளுக்குச் சட்டம் போட்டார்கள். வளவில் ஈஸிசேரைப் போட்டுச் சும்மா கிடந்தேன். பேரன் வந்தவன், "ஆயா, இதைக் கேளுங்க" என்று போனில் ஏதோ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். பாட்காஸ்ட் என்றால் வேண்டும்போது வைத்துக் கேட்கிற ரேடியோ, அவ்வளவுதான். நம் ஊர் சீரியலில் பெண்கள் அழுகிற குரலுக்கு, தக்காளி அழுகுவதைப் பற்றி ஒரு வெள்ளைக்காரர் பேசுகிற குரல் எவ்வளவோ தேவலை.

முதலில் மாட்டியது பிபிசியின் 'கார்டனர்ஸ் க்வெஸ்சன் டைம்'. இது தொடங்கியது 1947 ஏப்ரலில், நமக்குச் சுதந்திரம் வருவதற்கும் முன்னால். யுத்தம் முடிந்து சாப்பாட்டுக்கு ரேஷன் இருந்த காலம். இங்கிலாந்தின் வடக்கே ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் ஆரம்பித்தார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. ஊர் ஊராகப் போகிறார்கள். ஊர் ஜனம் கேள்வி கேட்கிறது, மேடையில் இருக்கிற விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். ஒருத்தர் 'வெட்டு' என்பார், பக்கத்தில் இருப்பவர் 'கத்தியைக் கொண்டுபோகாதே' என்பார். நம்ம பட்டிமன்றம்தான், நடுவர் தீர்ப்பு மட்டும் கிடையாது. அவர்கள் பேச்சு புரியாவிட்டால் வேகத்தை முக்கால் ஆக்கிக்கொள். அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, பேரன் காட்டித்தான் எனக்கும் தெரியும்.

ஆனால் மீனாள், இவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய்ச் செய்தால் செடி செத்துப்போகும். அவர்களுக்குப் பயமெல்லாம் உறைபனி. கடைசிப் பனி எப்போது போகும், அதற்கப்புறம் தக்காளி நாற்றை வெளியே வைக்கலாம் என்று மே மாதம் பேசுவார்கள். நீ அதைக் கேட்டு மே மாதம் நட்டால் அக்கினி நட்சத்திரத்தில் கொண்டுபோய் நடுகிறாய். பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு இறங்காவிட்டால் தக்காளி பூக்கும், பிஞ்சு பிடிக்காது, பூ உதிர்ந்துவிடும். அவர்களுடைய மே மாதப் பேச்சை நாம் ஐப்பசியில் எடுத்துக் கேட்க வேண்டும். பழைய பகுதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, தேதி பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். அமெரிக்காக்காரர்கள் வாய்க்கு வாய் 'ஸோன்' என்பார்கள். அது குளிர்காலத்தில் எவ்வளவு குளிரும் என்பதை வைத்துப் போட்ட கணக்கு. வெயில் எவ்வளவு அடிக்கும் என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. உனக்கும் எனக்கும் அதனால் காசுக்குப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் இந்தத் 'தெற்கு ஜன்னல்'. வெளிச்சம் வேண்டிய செடியைத் தெற்கு ஜன்னலில் வை என்று எல்லாருமே சொல்கிறார்கள். லண்டனுக்குச் சரி, அங்கே உச்சிவேளையில் சூரியன் வருஷம் முழுக்கத் தெற்கேதான். சென்னையில் சித்திரை பத்து தேதி வாக்கில் சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விடும், ஆவணி பிறக்கும்போதுதான் திரும்பும். உன் வடக்குப் பால்கனியில் ஆனி மாதம் காலையும் சாயங்காலமும் வெயில் உள்ளே வந்திருக்குமே, கவனித்தாயா? புரட்டாசியிலிருந்து மாசிவரை அங்கே நேர்வெயில் எட்டிப் பார்க்காது. மல்லிகைக்கு வெயில் இல்லாவிட்டால் இலைதான் மிஞ்சும், பூ வராது. அதை இப்போதே படுக்கையறைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்று. உன் மருமகள் ஏதாவது சொன்னால் உமையாள் சொன்னாள் என்று சொல்.

உன்னைப்போல அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு 'ஆன் தி லெட்ஜ்' நன்றாக இருக்கும். ஜேன் பெரோன் என்கிற அம்மாள் 2017இல் ஆரம்பித்தது. முன்னால் கார்டியன் பத்திரிகையில் தோட்டப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தவர். முழுக்க வீட்டுக்குள் வளர்க்கிற செடிதான். தொட்டி மண்ணில் பறக்கிற சின்னக் கொசுவைப் பற்றி எல்லாம் விலாவாரியாகப் பேசுவார். எனக்குச் சிரிப்பு வருவது எங்கே என்றால், பாம்புச் செடி என்று பீங்கான் சாடியில் வைத்துக் கொஞ்சுகிறார்களே, அதன் பங்காளிதான் நம் வேலியோரத்து மருள். தண்ணீர் காட்டாமலே முழங்கால் உயரத்துக்கு நிற்கும்.

இப்போது உன் மஞ்சள் மல்லிகை. 'ஜோ கார்டனர் ஷோ' என்று ஒன்று, ஜோ லாம்பெல் என்பவர் நடத்துவது. அட்லாண்டா பக்கம் தோட்டம் வைத்திருக்கிறார். அங்கே கோடை புழுங்கும், வெண்டைக்காய் விளையும், அதனால் அவர் பேச்சு நமக்குக் கொஞ்சம் ஒட்டும். மண், மக்கு உரம், இதுதான் அவருக்கு எப்போதும் பேச்சு. அவர் நிகழ்ச்சிக்கு வந்தவர்களில் லிண்டா சாக்கர்-ஸ்காட் என்ற வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்து அம்மாள் ஒருத்தர். தோட்டத்து மூடநம்பிக்கைகளைப் போட்டு உடைப்பதே வேலை. அவர் பல வருஷமாகச் சொல்வது: தொட்டிக்கு அடியில் ஜல்லி, ஓட்டாஞ்சில்லு போட்டால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது தப்பு. நெருங்கின மண்ணிலிருந்து நீர் கீழே இருக்கிற பெரிய இடுக்குக்குள் சட்டென்று இறங்காது. மேலே இருக்கிற மண் ஊறி நிறைந்தால்தான் இறங்கும். ஆகவே ஈரம் தேங்குகிற இடம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடுகிறது.

அலமு நம்பவில்லை. ஆத்தங்குடிக் கல் உடைசலை அரைத் தொட்டிக்கு நிரப்பி வைத்திருந்தாள், அவளுடைய மல்லிகையும் மஞ்சள். கிணற்றடியில் வைத்துத் தொட்டியைக் கவிழ்த்தோம். மேல்மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கல் மட்டத்துக்குச் சற்று மேலே மட்டும் ஒரு விரற்கடைக்குக் கறுத்த சேறு, சாக்கடை நாற்றம். அங்கே இருந்த வேரைப் பிடித்து இழுத்தால் தோல் வழுக்கிக் கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிச்சம். அலமு முகம் போன போக்கைப் பார்க்க உனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீயும் என்னத்தைப் போட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நாம் எல்லோரும் ஒரே வீட்டுக் கிணற்றடியில் கற்றுக்கொண்டதுதானே. எடுத்து எறி. அடி ஓட்டையை மறைக்க ஒரு சல்லடைத் துண்டு போதும். தேங்காய் நார்க் கழிவும் மணலும் கலந்த மண்ணை மேலிருந்து அடிவரை ஒரே மாதிரி போடு.

மாவுப்பூச்சிக்கு மருந்துக் கடைக்கு ஓடாதே. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடாமல் அழித்ததே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை மருந்தடித்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அது அடக்கியது. விஷத்தை அடித்தால் முதலில் சாவது இந்த மாதிரி நம் பக்கத்து ஆட்கள்தான். செம்பருத்தித் தண்டில் எறும்பு ஏறுகிறதா பார், எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல். அதன் வழியை அடை. ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலமாக அடி. ஒன்று மட்டும் கவனம்: அதே மாதிரி வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு, ஆனால் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடுகிற புழு தென்பட்டால் நசுக்கிவிடாதே. அது மாவுப்பூச்சியைத் தின்கிற வண்டின் குஞ்சு. அது இருக்கிற செடியில் வேப்பெண்ணெய்கூட வேண்டாம்.

இன்னும் இரண்டு மூன்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கரெட் ரோச்சின் 'எ வே டு கார்டன்' நிதானமான பேச்சு, ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தரை உட்கார வைத்து நல்ல கேள்வியாகக் கேட்பார். ஆனால் நியூயார்க் பக்கத்துக் குளிர்த் தோட்டம், கேட்க சுகம், செய்ய ஒன்றுமில்லை. பொறுமை இல்லாத நாளில் 'எபிக் கார்டனிங்' பழைய பகுதிகளைக் கேள், நீ காபி ஆற்றி முடிப்பதற்குள் முடிந்துவிடும். 'இன் டிஃபென்ஸ் ஆஃப் பிளான்ட்ஸ்' முழுக்கத் தாவரவியல், உனக்குப் பிடிக்கும், எனக்குத் தூக்கம் வருகிறது.

நீ அந்தச் சித்திரைக் கடிதத்தில் ஓரமாக எழுதியிருந்தாய், வீட்டில் சத்தமே இல்லை, பகலெல்லாம் ஃபிரிட்ஜ் உறுமுவதைத்தான் கேட்கிறேன் என்று. அதைத் தாண்டிப்போய்விட்டேன் என்று நினைக்காதே. அவுக போனபிறகு இந்த வீட்டிலும் அதுதான். இத்தனை அறையும் பூட்டிக்கிடக்கிறது, பங்காளிகள் திருவிழாவுக்கு வந்தால் உண்டு. சாப்பிட்ட தட்டைக் கழுவுகிற சத்தம் முற்றத்தில் மோதித் திரும்பி வரும். இந்த பாட்காஸ்ட் ஆட்கள் நம்மோடு பேசவில்லைதான், இருந்தாலும் 'உன் செடி எப்படி இருக்கு' என்கிற மாதிரி ஒரு குரல் காதில் விழுந்தால் எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. அதற்காகத்தான் தொட்டியைக் கொடுக்காதே என்கிறேன். செடி போனால் நீ பால்கனிக் கதவைத் திறக்கவே மாட்டாய், எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. நத்தையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள், மயிலைப் பற்றி ஒருத்தர் வாய் திறக்கவில்லை. இங்கே விடிந்தால் மயில், மிளகாய் நாற்றுக் குருத்தைக் கொத்தித் தள்ளிவிட்டு ஓட்டுமேல் ஏறி நின்று கூவுகிறது. செம்மண், கோடையில் வற்றுகிற கிணறு, ஐப்பசி அடைமழை, இதெல்லாம் நம் குரலில்தான் வர வேண்டும். இயற்கை விவசாயம் சொன்ன நம்மாழ்வார் பேச்சு யூடியூபில் நிறைய இருக்கிறது, படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டுப் பார். கேள்வி கேட்டே நம்மைச் சொல்ல வைத்துவிடுவார். அந்தக் காலத்தில் திருச்சி வானொலி விவசாயிகளுக்குச் சொல்லிச் சொல்லியே ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் பரவி, ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எங்க அப்பச்சி வயல் இல்லாவிட்டாலும் அந்த நிகழ்ச்சியை ஒரு நாள் விடமாட்டார், நாம் சத்தம் போட்டால் கண்ணை உருட்டுவாரே.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன், சிரிக்காதே. பிரேயரில் செய்தி வாசித்த குரல் உன்னுடையது. நீ மாடித் தொட்டிக் கேள்வியாகக் கேள், நான் இங்கே செடி விவரம் தெரிந்த வேலாயியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பதில் சொல்கிறேன். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். போனிலேயே பதிவு செய்து முதலில் சிகப்பிக்கும் அலமுவுக்கும் அனுப்புவோம். வேலாயி ஒப்புக்கொண்டுவிட்டாள், தன் பெயரை முதலில் சொல்ல வேண்டுமாம். முதல் பேச்சு மயில். நாற்றைச் சுற்றிப் பழைய சேலையைக் கட்டச் சொல்கிறாள் அவள், வலைதான் சரி என்கிறேன் நான். ஆக, சண்டைக்குப் பஞ்சமில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் கேள்வியை அனுப்பு. சிகப்பி கல்யாண ஜவுளி எடுக்க அடுத்த வாரம் பல்லவனில் வருகிறாள். அவளிடம் மருக்கொழுந்துப் பதியனும் ஒரு பை வேப்பம்புண்ணாக்கும் கொடுத்துவிடுகிறேன், எழும்பூருக்கு யாரையாவது அனுப்பு. புண்ணாக்குப் பையைப் பட்டுச்சேலைப் பெட்டியோடு சேர்த்து வைக்காதே என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உமையாள்