எங்கள் ஊர்களைக் கண்டுபிடித்துத் தந்தவர்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் எங்கள் பள்ளியின் கணினி ஆய்வகச் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினோம். எந்தெந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள் என்று வட்டம் வட்டமாகக் காட்டும் படம். பார்த்தால் எளிமையானதுதான். ஆனால் அது சரியாக வந்து சேர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் எனக்காக நேரம் ஒதுக்கியவர்களுக்கு நேரில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது, அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சங்கராபுரம் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. கல்வராயன் மலை அடிவாரத்துக் குக்கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மாலையில் பள்ளி விடும் நேரமும் பஸ் வரும் நேரமும் ஒத்துப்போவதில்லை. நேரத்தை மாற்றிக் கேட்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, எந்தத் தடத்தில் எத்தனை பிள்ளைகள் என்று யாராலும் உடனே சொல்ல முடியவில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பயன்பட்ட பைதான் என்ற நிரல்மொழி என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது.

கணினி ஆசிரியைக்குத்தான் முதல் நன்றி. பள்ளி முடிந்த பிறகு தினமும் அரை மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வைத்து, பிரிண்ட் கட்டளையிலிருந்து தொடங்கி லிஸ்ட், டிக்‌ஷனரி, லூப் வரை கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தீர்கள். ஊர்ப் பெயரைக் கொடுத்தால் அட்சரேகை தீர்க்கரேகையைத் திருப்பித் தரும் ஜியோபை என்ற பைதான் நூலகத்தையும் (யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல்களின் தொகுப்பு), தன்னார்வலர்கள் உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் அது தேடுவதற்குப் பயன்படுத்தும் நாமினாட்டிம் என்ற சேவையையும் காட்டியது நீங்கள்தான். முதல் நாள் "கள்ளக்குறிச்சி" என்று தட்டியதும் 11.7, 78.9 என்று எண்கள் வந்து விழுந்தபோது நாம் இரண்டு பேரும் கைதட்டினோம், ஞாபகம் இருக்கிறதா?

மறுநாள் முழுப் பட்டியலையும் கொடுத்தேன். பட்டியலில் 214 பிள்ளைகள். மூன்றாவது ஊரிலேயே நிரல் நின்றுவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. அன்று ராத்திரி கோவையில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் பழைய மாணவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் செய்தான். "டீச்சர், மேலேருந்து படிக்காதீங்க, கடைசி வரிய மட்டும் படிங்க" என்றான். ஆட்ரிபியூட் எரர், நன் டைப் பொருளுக்கு லாட்டிட்யூட் என்ற பண்பு கிடையாது என்று அந்த வரி சொன்னது. அதாவது தேடிய ஊர் கிடைக்காதபோது நாமினாட்டிம் பிழை எதுவும் சொல்லாது, பதிலே இல்லை என்று ஜியோபை 'நன்' என்ற ஒன்றைக் கொடுத்துவிடும். பதில் வந்ததா என்று பார்க்காமலேயே நான் அதனிடம் அட்சரேகையைக் கேட்டிருக்கிறேன். தம்பி, நீ திருத்தி அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். என்னையே ஒரு இஃப் வரி எழுத வைத்து, கிடைக்காத ஊர்களைத் தனிப் பட்டியலில் போட வைத்தாய், அதற்கு ஒரு மணி நேரம் போனில் காத்திருந்தாய்.

அதற்கு முன்பே நான் எங்கோ பார்த்து டிரை, எக்ஸெப்ட், பாஸ் என்று, அதாவது பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போ என்று போட்டு அந்தச் சிவப்பு எழுத்தை வராமல் செய்து பார்த்திருந்தேன், அப்போது நிரல் அழகாக ஓடி முடிந்தது, வரைபடமும் வந்தது, எனக்கு ஒரே சந்தோஷம். அதைச் சொன்னதும் அவன், "படத்துல இருக்கிற பிள்ளைங்கள எண்ணிப் பாத்தீங்களா?" என்றான். எண்ணினால் 131. மற்ற 83 பேரும் சத்தமே இல்லாமல் காணாமல் போயிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையடிவாரப் பிள்ளைகள், இந்த வேலையே யாருக்காகத் தொடங்கினோமோ அவர்கள்.

இன்னொன்றும் அவன் சொன்னான். அந்தத் தேடல் சர்வர் தன்னார்வலர்களும் நன்கொடைகளும் தாங்கி நடத்துவது, ஒரு நொடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது, யூசர் ஏஜென்ட் என்ற இடத்தில் யாருடைய நிரல் என்று தெரிகிற மாதிரிப் பெயர் கொடுக்க வேண்டும், ஒரு முறை கிடைத்த பதிலை நாமே சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும். 214 பிள்ளைகள் என்றாலும் ஊர்கள் 46தான். ஒரே ஊரை இருபது தடவை கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு பதிலும் ஜேசான் என்ற வகைத் தரவுக் கோப்பு ஒன்றில் எங்கள் கணினியிலேயே இருக்கிறது, கிடைக்கவில்லை என்ற பதிலும் சேர்த்து. எத்தனை முறை ஓட்டினாலும் வெளியே ஒரு கேள்விகூடப் போவதில்லை.

சரி, ஏன் அத்தனை ஊர்கள் கிடைக்கவில்லை? இதைக் கண்டுபிடித்தது எங்கள் அலுவலக உதவியாளர் அண்ணன். நிரல் எதையும் அவர் பார்க்கவே இல்லை. கிடைக்காத பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன், அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "எல்லாமே விழுப்புரம் மாவட்டம்னு இருக்கே டீச்சர்" என்றார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். பல பிள்ளைகளின் முகவரி பழைய அட்டைகளைப் பார்த்து எழுதப்பட்டது, அதில் விழுப்புரம் என்றே இருக்கிறது. ஒரு பையனின் முகவரி தாத்தாவின் பத்திரத்தைப் பார்த்து எழுதியதாம், அதில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருந்தது, அந்த மாவட்டம் 1993இலேயே பிரிந்துவிட்டது! விழுப்புரத்துக்குள் அந்த ஊரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும். மாவட்டப் பெயரை மாற்றியதும் ஒரே ஓட்டத்தில் 20 ஊர்கள் வந்துவிட்டன. இருபது வருடமாகச் சேர்க்கைப் பதிவேட்டை எழுதுகிறவரின் கண் அது, அண்ணன்.

வடபொன்பரப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் தரவு வைத்து வேலை செய்யும் யாருக்கும் இது நடக்கும். அந்த ஊருக்கு 14 பிள்ளைகள் வர வேண்டும், ஆனால் படத்தில் 9 என்று இருந்தது. கணினி ஆசிரியை டிக்‌ஷனரியின் சாவிகளை, அதாவது அதில் பதிவான ஊர்ப் பெயர்களை, வரிசையாக அச்சிட்டுப் பார்த்தபோது வடபொன்பரப்பி இரண்டு முறை இருந்தது, கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி. இடைவெளி ஏதாவது ஒட்டியிருக்கும் என்று ஓரத்து இடைவெளியை நீக்கும் ஸ்ட்ரிப் போட்டோம், மாறவில்லை. அப்புறம் நீளத்தை அளந்தால் ஒன்று மற்றதைவிட ஒரு எண் கூடுதல். 'பொ' என்ற எழுத்தை, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும். ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் ஒரே பொன், பைதானுக்கு இரண்டு வேறு சொற்கள். ஐந்து பிள்ளைகளின் ஊர்ப் பெயரை யாரோ வேறு விசைப்பலகையில் தட்டச்சு செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் நார்மலைஸ் என்று ஒரு செயல்கூறு இருக்கிறது, அதில் என்.எஃப்.சி. என்று, அதாவது பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் முறையைக் கொடுத்ததும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இதற்கு முந்தின வாரம்தான், எக்செல் கோப்பை சி.எஸ்.வி. என்ற எளிய உரைக் கோப்பாகச் சேமித்துத் திறந்தபோது முதல் நெடுவரிசைத் தலைப்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு, அந்தத் தலைப்பே இல்லை என்று கீ எரர் வந்து, எழுத்துகளைப் படிக்கும் முறையான என்கோடிங்கை யு.டி.எஃப்-8-சிக் என்று மாற்றச் சொன்னீர்கள். டீச்சர், இந்த இரண்டையும் நான் தனியாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கும் இந்த மடலில் இடம் உண்டு. முதல் முறை படத்தைத் திரையில் காட்டியபோது, "மிஸ், நான் சின்னசேலத்துலேருந்து வரேன், என்னைச் சேலத்துல போட்டிருக்கீங்க" என்றாள். பட்டியலில் 'சின்ன சேலம்' என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தது. நானோ முகவரியை இடைவெளியில் வெட்டிக் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்திருந்தேன், காற்புள்ளியில் வெட்டியிருக்க வேண்டும். தவறான இடத்துக்குப் போகும் ஊர்களைப் பிடிக்க, எண்கள் எங்கள் பக்கத்து எல்லைக்குள் இருக்கின்றனவா என்று ஒரு சோதனை வரி எழுதி வைத்திருந்தேன், ஆனால் எல்லையைத் தாராளமாக வைத்ததால் சேலம் அதற்குள்ளேயே வந்துவிட்டது. அவள் சொன்ன பிறகு எல்லையை இறுக்கினேன். தேடலையே மாவட்டத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு அதற்குள் மட்டும் தேடும்படி மாற்றினேன், இல்லையென்றால் கல்வராயன் மலை வெள்ளிமலைக்குப் பதிலாகக் கன்னியாகுமரி மாவட்டத்து வெள்ளிமலை வந்து நிற்கிறது.

இத்தனைக்கும் பிறகு 11 குக்கிராமங்கள் மிச்சம். அவை வரைபடத்திலேயே இல்லை. பின்கோடு வைத்துத் தேடலாமா என்று பார்த்தேன், 606 என்று தொடங்கும் ஒரே பின்கோட்டுக்குள் பல ஊர்கள் அடங்குவதால் எல்லா வட்டமும் ஒரே புள்ளியில் குவிந்துவிட்டது. அப்போதுதான் தபால்காரர் ஐயாவிடம் போனேன்.

ஐயா, நீங்கள் பட்டியலை வாங்கிப் பார்த்தவுடனேயே, "இதுல ரெண்டு புதூர் இருக்கு, ரெண்டும் வேற வேற ஊரு" என்றீர்கள். ஒன்று ஏரிக்கரைப் புதூர், இன்னொன்று மலைப்பக்கப் புதூர். நான் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். அப்புறம் உங்கள் சைக்கிள் போகும் வழியிலேயே இரண்டு வாரம், ஒவ்வொரு ஊரின் பொதுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்று போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்தீர்கள். வெயில் காலம் அது. வீட்டில் இருந்த பேரனின் போனை வாங்கிக்கொண்டு போனீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கோப்பைப் போட்டவுடன் பதினொரு ஊரும் வடதுருவம் பக்கம் போய்விட்டன. வரைபடம் வரையும் பைதான் நூலகமான ஃபோலியம் அட்சரேகையை முதலில் கேட்கும், போன் கொடுத்த ஜியோஜேசான் என்ற இடக்குறிப்புக் கோப்பில் தீர்க்கரேகை முதலில் இருக்கும். வரிசையை மாற்றாமல் கொடுத்ததால் 11.8, 78.9 என்பது 78.9, 11.8 ஆகி, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் நின்றது. கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் ஊர்களின் வட்டங்களுக்கு மிக அருகில் நி-ஆலசுண்ட் இருந்தது, 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆர்க்டிக் ஆய்வு நிலையம் இயங்கும் இடம். பிழையைத் திருத்துவதற்கு முன் பிள்ளைகளை அழைத்துக் காட்டினேன், அட்சரேகை தீர்க்கரேகைப் பாடம் அந்த ஆண்டு அவர்களுக்கு இப்படித்தான் நடந்தது. திருத்தம் ஒரே வரி.

கணக்கு ஆசிரியர் சார், உங்களுக்கு நன்றி சொல்வதைக் கடைசியில் வைத்தேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட கேள்விதான் எனக்கு மிகவும் உறைத்தது. "வீட்டு நம்பர், தெருப் பேரோட அந்த சர்வருக்கு அனுப்புறீங்களா?" என்று கேட்டீர்கள். ஆமாம், முதல் இரண்டு வாரம் அப்படித்தான் அனுப்பியிருந்தேன். பிள்ளைகளின் முழு முகவரி வெளியே போகிறதே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. இப்போது பிள்ளையின் பெயரும் வீட்டு எண்ணும் உள்ள கோப்பு பள்ளிக் கணினியை விட்டு வெளியே போவதில்லை, தேடலுக்குப் போவது ஊர்ப் பெயர் மட்டும். ஒரே ஒரு பிள்ளை வரும் ஊர்களைத் தனி வட்டமாகக் காட்டினால் அது யாரென்று தெரிந்துவிடும் என்றும் சொன்னீர்கள், அவற்றைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டோம். வீட்டைக் குறிக்காமல் தண்ணீர்த் தொட்டியைக் குறிக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

முகம் தெரியாத ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களுக்கும் நன்றி. எங்கள் 35 ஊர்கள் அங்கே இருந்ததற்குக் காரணம் யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குறித்ததுதான். மீதி 11 ஊர்களையும் என் பழைய மாணவன் சொல்லித்தர, தபால்காரர் ஐயா பெயர்களின் எழுத்துகளைச் சரிபார்க்க, நாங்களே அதில் சேர்த்துவிட்டோம், தமிழிலும் ஆங்கிலத்திலும். இரண்டு புதூரும் தனித்தனியாக இருக்கின்றன.

வரைபடத்தோடு மனு போயிருக்கிறது. ஐயா, நேரம் கிடைக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கு வாருங்கள், ஏரிக்கரைப் புதூர்ப் பிள்ளைகள் தங்கள் வட்டத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.