காட்சிக்கூடங்களுக்குத் தமிழ்ப் பலகை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

சென்ற மாதம் கொழும்பில் ஒரு காட்சிக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மூன்று பாய்மரக் கப்பலின் மாதிரியுருவைப் பேத்திக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். நடுப் பாய்மரத்தில் எல்லாவற்றுக்கும் கீழே கட்டும் அடிப்பாய்க்கு நேரே ‘பாடநெறி’ என்று எழுதியிருந்தது. ஆங்கில மாலுமிகள் அடிப்பாயைக் ‘கோர்ஸ்’ என்பார்கள். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிட்டார்கள். பேத்தி சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே பெட்டியில், பின்னால் நிற்கும் ‘மிஸன்’ மரத்துக்கு ‘நடுப் பாய்மரம்’ என்று பெயர். அச்சொல்லின் இத்தாலிய மூலத்துக்கு நடு என்ற பொருள் உண்டுதான். ஆனால் அதே மூலத்திலிருந்து வந்த சொல்லால் பிரெஞ்சுக்காரர் முன்மரத்தைக் குறிக்கிறார்கள் என்பதால், சொல்லின் வேரைப் பாராமல் கப்பலில் மரம் நிற்கும் இடத்தைப் பார்த்தே பெயரிட வேண்டும். ‘சதுரப்பாய்’ என்பதும் அப்படியே: கப்பலின் நெடுக்குக்குக் குறுக்கே கட்டப்படுவதால்தான் அதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்குவேர்’ என்ற பெயர், வடிவம் பெரும்பாலும் சதுரமே அல்ல. குறுக்குப்பாய் என்றால் போதும்.

பாய்ப் பெயர்கள் பார்வைக்குத்தான் காடு. மரத்தின் பெயரோடு, அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் கட்டும் அடுக்கின் பெயரைச் சேர்த்தால் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும். முன்மரம், நடுவில் நிற்கும் பெருமரம், பின்மரம், நான்காவது இருந்தால் கடைமரம். அடுக்குகளுக்குப் புதுச்சொல் தேடி அலையவும் வேண்டாம். பாய் தொங்கும் குறுக்குமரத்துக்குப் பருமல் என்ற சொல் இருக்கிறது. அடிப்பாய்க்கு மேலுள்ளது, போர்த்துக்கேயர் வழியாக வந்து நம்மோடு தங்கிவிட்ட காவிப்பாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில், குறைந்த ஆட்களால் கையாள்வதற்காக அதை இரண்டாகப் பிரித்தார்கள். அவற்றைக் கீழ்க்காவி, மேற்காவி எனலாம். அதற்கும் மேலே மீப்பாய், பிறகு உச்சிப்பாய். கூம்பையும் மீப்பாயையும் களையாமலே புகாருக்குள் நுழைந்த பெருங்கலத்தைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு காட்டுகிறது. கூம்பு என்றால் பாய்மரம்தான்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாய்விரித்துப் போனது. வல்வெட்டித்துறைக் கரையில் பாய்ப் பெயர்கள் இன்னும் மிச்சமிருக்கும். பலகை எழுதுமுன் அங்கே ஒரு முதிய தண்டையலை, அதாவது கப்பல் தலைவரை, தேடிப் பேசியிருக்கலாம்.

‘பாடநெறி’ இருக்கும் இடத்தில் ‘பெருமரத்து அடிப்பாய்’ என்று மாற்றி எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன், கட்டணம் வேண்டாம்.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பார்வையாளர்