பலெர்மோ நொன்னாமாருக்கும் கடைக்காரருக்கும் ஒரு நன்றி மடல்

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகர வீடுகளில் முதியவர்களையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, குசினி வேலையும் செய்யும் தமிழர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. அந்த வீட்டு நொன்னாமார், அதாவது பாட்டிமார், ஆசைப்பட்டுக் கேட்பது பெரிய விருந்துச் சாப்பாடு அல்ல, சின்ன வயதில் தாய் வைத்துக் கொடுத்தவற்றைத்தான். ஐந்தாறு பொருட்களில் முடிகிற சமையல். ஆனாலும் சமையல் குறிப்பில் எழுதாமல் விடுகிற இடத்தில்தான் அது கெட்டுப்போகும். அந்த இடங்களையெல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்த அத்தனை பேருக்கும் மனம் நிறைந்த நன்றி.

முதலில் இறைச்சிக் கடைக்காரர்களுக்கு. காய்ச்சல்காரப் பிள்ளைக்கும் பல் போன முதியவருக்கும் இத்தாலி முழுக்கக் கொடுப்பது பாஸ்தீனா. நட்சத்திரம் போன்ற சின்னஞ்சிறு வடிவங்களில் வரும் பாஸ்தாவை இறைச்சிச் சாற்றில் வேகவைப்பது. அதற்கு இளம் கோழி சரிவராது, முட்டையிட்டு முதிர்ந்த பேட்டுக்கோழிதான் வேண்டும் என்று சொல்லி, அதையே எடுத்துவைத்தும் தந்தவர்கள் அவர்கள். அரைக் கோழி, எலும்போடு 400 கிராம் மாட்டிறைச்சி, ஒரு கரட், ஒரு செலரித் தண்டு, ஒரு வெங்காயம், 3 லீற்றர் தண்ணீர். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்க வேண்டும். மெல்லச் சூடேறும்போது நுரை திரண்டு மேலே வரும், அதை அகப்பையால் வழித்து எடுத்துவிடலாம். தளதளவென்று கொதிக்கவிட்டால் நுரை பொடிந்து உள்ளேயே கரையும், கொழுப்பும் சேர்ந்து கலங்கும். பிறகு எத்தனை தரம் வடித்தாலும் சாறு தெளியாது. 3 மணி நேரம், ஓரத்தில் மட்டும் குமிழி வரும் அளவு நெருப்பு. சாறு வற்றி உப்புக் கூடிவிடும் என்பதால் உப்புக் கடைசியில்.

சீஸ் கடையில் பர்மிஜானோ சீஸின் வெளித்தோலைச் சேர்த்துவைத்துக் கொடுப்பவர்களுக்கும் நன்றி. அதில் மெழுகு கிடையாது. மேற்பரப்பைக் கத்தியால் சுரண்டிக் கழுவி, கடைசி ஒரு மணி நேரம் சாற்றில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும். பாஸ்தீனாவைவிட அந்தத் துண்டுக்காகவே பிள்ளைகள் கோப்பையை நீட்டுவார்கள். ஒரு பிள்ளைக்கு 300 மில்லிலீற்றர் சாறு, 40 கிராம் பாஸ்தீனா. பொதியில் எழுதிய நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே அடுப்பை நிறுத்த வேண்டும், கோப்பைக்குப் போன பிறகும் அது ஊதிக்கொண்டே இருக்கும். ஆளுக்காள் காத்திருந்து சாப்பிடும் வீட்டில் மொத்தத்தையும் ஒரேயடியாக வேகவைத்தால் கடைசி ஆளுக்குக் களிதான் கிடைக்கும். துருவிய சீஸை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதியில் விழுந்தால் நூல் நூலாகத் திரண்டு கரண்டியில் ஒட்டும்.

பல்லாரோ, காப்போ சந்தைகளின் மரக்கறிக் கடைக்காரர்களுக்குச் சொல்லும் நன்றி இன்னும் பெரியது. கோடையில் அங்கே கட்டுக்கட்டாகக் குவியும் தெனெரூமி நமக்கு அந்நியமானது அல்ல, சுரைக்கொடியின் கொழுந்தும் இலையும்தான். சிசிலியின் நீண்டு வெளிறிய குக்குட்சாவும் நம் சுரைக்காய் இனமே. தெரிந்த கீரைதானே என்று நம் வழக்கப்படி சுண்டினால் நொன்னாமார் கேட்கும் சாப்பாடு வராது. அவர்களுக்கு அது தண்ணீரோடு இருக்க வேண்டும்.

நான்கு பேருக்கு இரண்டு பெரிய கட்டு. நாரோடிய தண்டையும் சுருள்கொடியையும் கழித்து, இலையையும் நுனியையும் மட்டும் எடுக்க வேண்டும். இலையின் மெல்லிய மயிரில் மண் ஒட்டிக்கொள்வதால் மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவ வேண்டும். உப்புப் போட்ட 2 லீற்றர் தண்ணீரில் இலை பதமாக வெந்த பிறகே தக்காளி. நான்கு பழத்தைத் தோல் உரித்து, மூன்று பல் உள்ளியோடு ஒலிவ எண்ணெயில் வதக்கி ஊற்றுவது. முந்தினால் அதன் புளிப்பில் இலை விறைத்தபடியே நிற்கும். அடுத்து 250 கிராம் ஸ்பகெட்டி. துணியில் சுற்றி மேசை விளிம்பில் அழுத்தி இழுத்தால், சிதறாமல் இரண்டு சென்ரிமீற்றர் துண்டுகளாக உடையும். அதை அதே தண்ணீரில் வேகவைத்து, கச்சோகவால்லோ சீஸைச் சிறு கட்டிகளாக வெட்டிப் போட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு, இளஞ்சூட்டில் பரிமாறுவார்கள். காயையும் சேர்ப்பவர்கள் பச்சையில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காய் முழுவதையும் எறிந்துவிடுங்கள், கசக்கும் சுரைக்காய் நஞ்சு.

பேக்கரிக்காரர்களுக்கு: பழைய பாணை வீணாக்காமல் துருவித் தருகிறீர்களே, அதில்தான் நெத்தலிப் பாஸ்தா நிற்கிறது. சீஸ் வாங்க வசதியில்லாத வீடுகளில் வறுத்த பாண் தூளைத்தான் மேலே தூவினார்கள். 100 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், மெல்லிய நெருப்பு, கை நிற்காமல் கிளறல். விரும்பிய நிறத்துக்குச் சற்று முன்பே வேறு தட்டில் கொட்ட வேண்டும், தாச்சியின் சூட்டிலேயே கருகிவிடும். உப்பு நெத்தலியும் அப்படித்தான்: கழுவி, வெதுவெதுப்பான எண்ணெயில் கரைய விட வேண்டும். எண்ணெய் புகைந்தால் கசக்கும்.

டிசம்பர் 13, சாந்தா லூசியா (புனித லூசியா) நாளில், பலெர்மோவில் பாணும் பாஸ்தாவும் தொடாமல், அவித்த கோதுமையில் ரிகொட்டாவும் சீனியும் கலந்த குச்சியா செய்வார்கள். 1646 பஞ்சத்தின்போது கோதுமைக் கப்பல் வந்ததும், அரைக்கப் பொறுமையில்லாமல் அவித்தே சாப்பிட்டார்கள் என்பது ஊர் வழக்கு. அரைக் கிலோ கோதுமையை மூன்று நாள் ஊறவைத்து, தினம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொன்ன நொன்னாமாருக்கு நன்றி. செம்மறிப்பாலின் மெத்தென்ற பச்சைச் சீஸான ரிகொட்டாவை முதல் இரவே வடியவிடச் சொன்னவர்களுக்கு அதைவிட அதிக நன்றி. வடியாத ரிகொட்டாவில் சீனி விழுந்தால் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். கோதுமையும் ஆறி, ஈரம் போன பிறகே கலக்க வேண்டும்.

இந்த அளவுகளை வாசித்துத் திருத்திக் கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம். மார்ச் 19, சான் ஜுசெப்பே (புனித சூசையப்பர்) நாளுக்கான, காய்ந்த பாக்லா அவரையைக் குழைய வேகவைக்கும் மாக்கோ என்ற கெட்டிச் சூப்பைச் சொல்லித் தர முன்வந்தவர்களே, காட்டுப் பெருஞ்சீரகக் கீரை கிடைக்கும் பருவத்திலேயே வருகிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
பலெர்மோ வீடுகளில் சமைக்கும் தமிழர்கள்